பிளஸ் டூ வருடத்தில் பெரிய நோய்: கல்லூரி இடம் என்னவாகும்?

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் நோயால் படிப்பு தடைப்பட்ட மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம். பெயர்களைத் தவிர்த்துவிட்டோம்.

என் மகன் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ படிக்கிறான், கணினி அறிவியல் பிரிவு. பத்தாம் வகுப்பில் 471 எடுத்தவன். ஆகஸ்டில் ரத்தப் புற்றுநோய் (ஏ.எல்.எல்.) என்று தெரிந்து கீமோ நடக்கிறது. "வருஷம் வீணாகக் கூடாது, மார்ச்சில் எப்படியாவது எழுதட்டும், பாஸானால் இன்ஜினியரிங் சேர்த்துவிடலாம்" என்கிறார் என் கணவர். சரிதானா?
*ஒரு தாய், திருச்சி*

"எப்படியாவது எழுதட்டும்" என்பதுதான் உங்கள் முன்னால் இருக்கும் வழிகளில் மோசமானது. வருடம் போகிறதே என்ற உங்கள் கணவரின் தவிப்பு நியாயமானதுதான். ஆனால் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் தரவரிசை நோயைப் பார்ப்பதில்லை. கணிதம் நூற்றுக்கு, இயற்பியல் ஐம்பதுக்கு, வேதியியல் ஐம்பதுக்கு என 200க்குக் கணக்கிட்ட கட்-ஆஃப் ஒன்றுதான் அதற்குத் தெரியும். மருத்துவச் சான்றை இணைக்கக்கூட விண்ணப்பத்தில் இடம் கிடையாது.

மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றுவிட்டால், மதிப்பெண்ணைக் கூட்டுவதற்காக அதே பாடத்தை மறுபடி எழுத வழியில்லை. எழுதவே இல்லை என்றாலோ தேர்ச்சி பெறவில்லை என்றாலோ துணைத்தேர்விலோ அடுத்த மார்ச்சிலோ எழுதி முழு மதிப்பெண் எடுக்கலாம். பாதி உடம்போடு எழுதிக் கணிதத்தில் 62, இயற்பியலில் 58, வேதியியலில் 64 வாங்கினால் கட்-ஆஃப் 62 + 29 + 32 = 123. அந்த 123 அப்படியே நின்றுவிடும். அடுத்த வருடம் உடம்பு தேறி 185க்குப் படித்தாலும் பயனில்லை.

"சும்மா எழுதிப் பார்க்கட்டும், ஃபெயிலானால் திரும்ப எழுதலாம்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதில் இன்னொரு சிக்கல் உண்டு. இயற்பியல், வேதியியலில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இவை பெரும்பாலும் கிட்டத்தட்ட முழுதாகக் கிடைத்துவிடும். 27 வந்துவிட்டது என்று வையுங்கள். எழுத்துத் தேர்வில் 70க்குக் குறைந்தபட்சம் 15 எடுத்தால் 42 ஆகி, பையன் பாஸ். அரைகுறையாக எழுதி ஃபெயிலாவதுதான் கடினம்; வேண்டாத பாஸ் சுலபமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுத வேண்டாம் என்று முடிவெடுத்த பாடத்துக்குத் தேர்வறைப் பக்கமே போகக் கூடாது.

இனி உங்களுக்குள்ள வழிகள். ஒன்று, பாடங்களைப் பிரிப்பது. கட்-ஆஃபில் சேராத தமிழ், ஆங்கிலம், கணினி அறிவியலை மார்ச்சில் எழுதிவிட்டு, கணிதம், இயற்பியல், வேதியியலை ஜூன் கடைசி வாக்கில் வரும் துணைத்தேர்வுக்கு ஒதுக்கலாம். மூன்று மாதம் கூடுதலாகக் கிடைக்கும். மார்ச்சில் ஒரு பாடத்துக்கு நடுவே காய்ச்சல் வந்தாலும் கெட்டுப்போவது மொழிப்பாடம்தான். ஆனால் துணைத்தேர்வு மதிப்பெண்ணோடு அதே வருடம் போனால், துணைக் கலந்தாய்வில் மற்றவர்கள் எடுத்தது போக மிஞ்சிய இடங்களே இருக்கும். நல்ல கட்-ஆஃப் வந்திருந்தால் அவசரப்படாமல் அடுத்த ஆண்டின் பொதுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பியுங்கள். முந்தைய ஆண்டுகளில் தேர்ச்சி பெற்றவர்களும் அதில் கலந்துகொள்ளலாம்.

மற்றொன்று, இந்த வருடத்தை முழுதாக விட்டுவிடுவது. ஏ.எல்.எல். சிகிச்சையில் முதல் ஆறிலிருந்து எட்டு மாதம்தான் கடுமை. அதன் பிறகு மாத்திரையும் அவ்வப்போது ஊசியுமாக இரண்டு, இரண்டரை வருடம் வரை பராமரிப்புக் கட்டம் ஓடும். அதில் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஆகஸ்டில் தொடங்கிய சிகிச்சை என்றால் மார்ச் தேர்வு சரியாகக் கடுமையான கட்டத்தின் வாலில் வந்து விழுகிறது. அடுத்த ஜூனில் அவன் வேறு ஆளாக இருப்பான். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் எங்கள் கை இந்தப் பக்கம்தான் சாய்கிறது. இருந்தாலும், மார்ச் மாதத்தில் ரத்த அணுக்கள் எந்த அளவில் இருக்க வாய்ப்பு என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும், பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல், அதாவது நாமினல் ரோல், பள்ளியிலிருந்து போவதற்கு முன்பே தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் சொல்லிவிடுங்கள். பட்டியல் போவதற்கு முன் என்றால் அடுத்த ஆண்டும் அதே பள்ளியில் தொடர்வது பற்றிப் பேச இடமிருக்கும். பட்டியலில் பெயர் ஏறி, தேர்வுக்கும் வராமல் போனால் தனித்தேர்வராக எழுதும் நிலைக்குத் தள்ளப்படுவீர்கள். எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் பையன் பெயர் நீண்ட நாள் வராதவர் என்று, எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களுக்கான பொதுத் தொகுப்புக்குப் போய்விடாமல் வகுப்பாசிரியரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். டி.சி. வாங்கவே வாங்காதீர்கள். பாடங்களைப் பிரித்து எழுதும் வழியில் போனால் செய்முறைத் தேர்வை விடக் கூடாது. அது எழுத்துத் தேர்வுக்கு முன்பே நடந்து முடிந்துவிடும், அதற்குப் போகாதவருக்கு அந்தப் பாடத்தில் தேர்ச்சி கிடையாது.

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு. காசநோய் வந்து இரண்டரை மாதம் பள்ளிக்குப் போகவில்லை. வருகை 58 சதவீதத்தில் நிற்கிறது. தேர்வு எழுத விடமாட்டோம் என்று பள்ளியில் சொல்கிறார்கள்.
*மாணவி, கோவை*

எழுத விடமாட்டோம் என்று பள்ளியே முடிவு செய்ய முடியாது. அதே நேரம், பள்ளி பரிந்துரைக்காமல் அனுமதியும் வராது. வாரியத்தின் விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும். பற்றாக்குறையில் 15 சதவீதம் வரை மன்னிக்க வாரியத் தலைவருக்கு அதிகாரம் உண்டு, அதாவது 60 வரை. அதற்கும் கீழே போனால் புற்றுநோய், எய்ட்ஸ், காசநோய் போல நீண்ட நாள் மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்படும் நோய்களுக்கு மட்டும் விதிவிலக்கு என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் நோயின் பெயர் அந்த வரியில் இருக்கிறது. பள்ளி அலுவலகத்தில் அந்த விதியைக் காட்டிப் பேசுங்கள்.

தேர்வு தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பாவது முதல்வரின் பரிந்துரை மண்டல அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கடைசி நாள் வரை காத்திராமல் டிசம்பரிலேயே கோப்பைத் தயார் செய்யுங்கள். பெற்றோரின் விண்ணப்பம், மாதவாரியாக வருகைக் கணக்கு, சிகிச்சை அட்டையின் நகல், மருத்துவமனையில் இருந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவை அதில் இருக்கட்டும். இன்னொன்று: 60-ஐத் தாண்டிவிட்டால் கதை சுலபமாகிறது. மருந்து சரியாக எடுத்து இரண்டு வாரம் போல ஆனபின் சாதாரண வகைக் காசநோய் பெரும்பாலும் பிறருக்குத் தொற்றுவதில்லை. "பள்ளிக்குச் செல்லலாம், தொற்று அபாயம் இல்லை" என்று மருத்துவர் எழுதித் தந்தால் உடனே போகத் தொடங்குங்கள். ஆறு மாத மருந்து முடியும் வரை வீட்டிலேயே இருக்க வேண்டியதில்லை. இடையில் நிறுத்தவும் கூடாது.

சி.பி.எஸ்.இ.யில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. தேர்ச்சி பெற்ற பாடத்திலும் மதிப்பெண்ணை உயர்த்த எழுதலாம். அதே ஆண்டு துணைத்தேர்வில் ஒரு பாடம், இல்லையென்றால் அடுத்த ஆண்டு பிரதானத் தேர்வில். ஆகவே திருச்சித் தாய்க்குச் சொன்ன எச்சரிக்கை உங்களுக்கு அதே அளவில் பொருந்தாது. எழுதுங்கள்.

டாக்டர் தந்த கடிதத்தைப் பள்ளி ஏற்கவில்லை. "தெளிவாக இல்லை" என்கிறார்கள். எப்படித்தான் இருக்க வேண்டும்?
*ஒரு தந்தை, சேலம்*

"இவர் உடல்நலமின்றி இருந்தார், ஓய்வு தேவை" என்ற ஒரு வரிச் சான்று காய்ச்சலுக்கு விடுப்பு கேட்கத்தான் உதவும். அலுவலகத்தில் கோப்பைப் பார்ப்பவர் மருத்துவர் அல்ல. நோயின் பெயரைவிட அவருக்குத் தேவை தேதிகளும், மாணவரால் எதைச் செய்ய முடியாது என்பதும்தான்.

பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் முதலில் வர வேண்டும். மருத்துவமனையில் "கே. கார்த்தி", பள்ளியில் "கார்த்திகேயன் கே" என்றிருந்தால் அதற்கே திருப்பி அனுப்புவார்கள். பிறகு நோய், அது கண்டறியப்பட்ட தேதி, உள்நோயாளியாக இருந்த நாட்கள், புறநோயாளியாக வந்த நாட்கள், சிகிச்சை எப்போது முடியும் என்ற மதிப்பீடு. அதற்கும் கீழே, பலரும் விட்டுவிடும் பகுதி: "தொடர்ந்து 20 நிமிடங்களுக்கு மேல் எழுத இயலாது, விரல்களில் பிடிமானம் குறைந்துள்ளது, தேர்வின்போது கூடுதல் நேரமும் எழுதுநரும் தேவை" என்பது போல இரண்டு வரி. கையெழுத்துக்குக் கீழே மருத்துவரின் பதிவு எண்ணும் மருத்துவமனை முத்திரையும் வேண்டும். சிகிச்சை தரும் மருத்துவமனையில்தான் வாங்க வேண்டும். தெருமுனை கிளினிக்கில் வாங்கிய சான்று பெரிய நோய்க்கு எடுபடாது. தேர்வு முடிந்த தேதியிட்ட சான்றுக்கும் மதிப்பில்லை.

மூலப் பிரதியை எங்கும் கொடுத்துவிடாதீர்கள். நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

கீமோவுக்குப் பிறகு என் விரல்கள் மரத்துப்போகின்றன, பேனா நழுவுகிறது. மாற்றுத்திறனாளி அட்டை இல்லாமல் எழுதுநர் கேட்க முடியுமா?
*மாணவர், மதுரை*

கேட்கலாம். வின்கிரிஸ்டின் என்ற மருந்து நரம்புகளைப் பாதித்து இப்படிச் செய்வது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். சான்றில் எழுதத் தயங்கமாட்டார்கள். 40 சதவீத ஊனம் இருந்தால்தான் எழுதுநர் என்று பல பள்ளிகளில் இன்னும் சொல்வார்கள். எழுதுவதில் சிரமம் உள்ளவருக்கு அந்த 40 சதவீத வரம்பைக் காட்டி எழுதுநரை மறுக்கக் கூடாது என்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன்படி மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். மாநிலத் தேர்வுக்கு விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகப் போக வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் கேட்டால் கிடைக்காது.

அனுமதி வந்ததும் சும்மா இருந்துவிடாதீர்கள். வாயால் சொல்லித் தேர்வு எழுதுவது தனித் திறமை. எழுத வருபவர் உங்கள் பாட ஆசிரியராக இருக்கமாட்டார். வகைக்கெழுச் சமன்பாட்டை அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்: "அடைப்புக்குறி திற, எக்ஸ் ஸ்கொயர், பிளஸ் ஒன், அடைப்புக்குறி மூடு, இது முழுதும் பகுதியில்" என்று. வீட்டில் அறிவியல் படிக்காத ஒருவரை உட்கார வைத்துப் பழைய வினாத்தாள்களை முழு நேரமும் சொல்லிப் பழகுங்கள். முதல் முறை மூன்று மணி நேரத்தில் பாதித் தாள்கூட முடியாது. அதற்காகப் பயப்பட வேண்டாம், நான்கைந்து தாள்களில் வேகம் பிடிபடும். படங்களுக்கு, எந்த மூலையில் எந்தப் பெயர் என்று சொல்லும் வரிசையை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கும் என் தங்கைக்கு இதய வால்வு அறுவை சிகிச்சை. பிளஸ் டூவை நிறுத்திவிட்டுத் தனியாகப் படித்து எழுத வைக்கலாமா? மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள்.
*ஓர் அண்ணன், விழுப்புரம்*

வேண்டாம். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மருத்துவத்தில் 2020-இலும் பொறியியல் போன்ற படிப்புகளில் 2021-இலும் வந்த இந்த ஒதுக்கீடு, உங்கள் தங்கைக்கு நூற்றுக்கணக்கான நீட் மதிப்பெண்ணுக்குச் சமமாகலாம். பள்ளியை விட்டு வெளியேறித் தனித்தேர்வராகவோ திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ முடித்தால் அந்தச் சான்று கிடைப்பதில் சிக்கல் வரும். ஒரு வருடம் தாமதமானாலும் அதே பள்ளியில், இல்லையென்றால் வீட்டுக்கு அருகிலுள்ள வேறோர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டை முடிப்பதே பாதுகாப்பு. நீட் தேர்வுக்கு உச்ச வயது வரம்பும் இல்லை, இத்தனை முறைதான் என்ற கணக்கும் இல்லை. ஒரு வருடம் போவதால் எந்தக் கதவும் மூடாது.

ஜே.இ.இ.க்கும் அப்படித்தானா?
*மாணவர், சென்னை*

இல்லை, இங்கே கவனம் வேண்டும். ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டே முறைதான் எழுதலாம். கடிகாரம் ஓடத் தொடங்குவது நீங்கள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முதன்முதலாக எழுதிய ஆண்டிலிருந்து. தேர்ச்சி பெற்ற ஆண்டு கணக்கில் வராது. உடம்பு முடியாத வருடம் நான்கு பாடம் எழுதி, மீதியை அடுத்த வருடத்துக்குத் தள்ளினால் ஒரு வாய்ப்பு செலவாகிவிட்டது என்று அர்த்தம். ஐ.ஐ.டி. கனவு உண்மையாகவே இருந்தால் பாடங்களைப் பிரிக்காதீர்கள். முழு வருடத்தையும் விடுங்கள். என்.ஐ.டி., ஐ.ஐ.டி. இரண்டிலும் பன்னிரண்டில் 75 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 65, அல்லது அந்தந்த வாரியத்தில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் வர வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. எப்படியோ பாஸானவர்கள் ஜே.இ.இ.யில் நன்றாகச் செய்தும் சறுக்கும் இடம் அது.

நோயைக் காரணம் காட்டிக் கருணை மதிப்பெண் கேட்க முடியுமா?
*ஒரு வாசகர், நாகர்கோவில்*

முடியாது. மறுமதிப்பீட்டிலும் விடைத்தாளில் எழுதியிருப்பதை மட்டும்தான் பார்ப்பார்கள்.

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்குப் பத்தாம் வகுப்பில் கிரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய். அந்த ஆண்டு இரண்டு பாடங்களில் 'சி', ஒன்றில் 'இன்கம்ப்ளீட்', அதாவது பாடம் முடிக்கப்படவில்லை என்ற குறிப்பு. பதினொன்றில் எல்லாம் 'ஏ'. கல்லூரி விண்ணப்பக் கட்டுரை முழுவதும் நோயைப் பற்றி எழுதட்டும் என்கிறாள் தோழி. எழுதலாமா?
*ஒரு தாய்*

உங்கள் ஊரில் கணக்கு தலைகீழ். இங்கே விளக்கத்துக்கு இடமே இல்லை. அங்கே விளக்காவிட்டால் அந்த 'சி' சோம்பலாகப் படும். ஆனால் பிரதானக் கட்டுரையை நோய்க்குக் கொடுத்துவிட வேண்டாம். அது மகள் யார் என்று காட்டும் இடம். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் சவால்களையும் சூழ்நிலைகளையும் சொல்லத் தனியாக 250 சொல் இடம் இருக்கிறது. அதில் என்ன நோய், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எத்தனை நாள் வகுப்பு தவறியது, எந்தப் பாடங்கள் பாதித்தன, இப்போது எப்படிக் கட்டுக்குள் இருக்கிறது என்று வறட்டுத் தகவலாக எழுதினாலே போதும். மருத்துவமனை வர்ணனை வேண்டாம். "இப்போது நிலையாக இருக்கிறது" என்பதற்குப் பதினொன்றாம் வகுப்பின் 'ஏ'க்களே சாட்சி.

அதைவிட எடை கூடியது பள்ளி கவுன்சிலரின் கடிதம். உங்கள் மகள் சொன்னால் விளக்கம். கவுன்சிலர் சொன்னால் உறுதிப்படுத்தல். பதினொன்றின் இறுதியிலேயே அவரைச் சந்தித்துத் தேதிகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். 'இன்கம்ப்ளீட்' இன்னும் அப்படியே நின்றால் முதலில் அதை முடித்து மதிப்பெண்ணாக மாற்றுங்கள். கேள்வி எழுப்புவதே அதுதான். நோயோ குறைபாடோ உள்ள மாணவருக்குப் பள்ளி எழுத்தில் தரும் சலுகை ஏற்பாடான 504 திட்டம் இல்லையென்றால் இப்போதே பள்ளியில் கேளுங்கள். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் இடைவேளை, கழிப்பறை வசதி போன்றவற்றுக்கு, அதை நடத்தும் காலேஜ் போர்டின் அனுமதிக்கு ஏழு வாரம் வரை ஆகலாம். விண்ணப்பதாரரின் உடற்குறை பற்றிக் கல்லூரிகள் தாமாகக் கேட்கச் சட்டம் இடம் தருவதில்லை. சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். மதிப்பெண்ணில் தடம் விழுந்திருக்கும்போது சொல்வதே நல்லது என்பது எங்கள் கருத்து.

இரண்டு வருட இடைவெளி ஆகிவிட்டது. கல்லூரியில் சேர்க்கும்போது நோயைச் சொல்ல வேண்டுமா? வேலைக்கு இடைஞ்சல் வருமா?
*மாணவி, திருநெல்வேலி*

பொறியியல் கலந்தாய்வில் இடைவெளிக்காக யாரையும் கழிப்பதில்லை. சொல்லப்போனால் கட்-ஆஃபும் மற்ற மதிப்பெண்களும் சமமாக வந்தால் வயதில் மூத்தவருக்கே முன்னிடம். சேரும்போது சில கல்லூரிகள் இடைவெளிக்கு நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் கேட்கும். அதில் "மருத்துவக் காரணத்தால் படிப்பைத் தொடரவில்லை; இக்காலத்தில் வேறு கல்வி நிறுவனத்தில் சேரவில்லை" என்றிருந்தால் போதும். உடல்தகுதிச் சான்று கேட்டால் உங்களைப் பார்த்த மருத்துவமனையிலேயே வாங்குங்கள். பொதுவான படிப்புகளுக்கு முடிந்துபோன நோய் தடையில்லை. கடல்சார் படிப்புகள் மட்டும் வேறு: கப்பல் துறை அங்கீகரித்த மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டும், வலிப்பு நோய் போன்றவை அங்கே பெரிய தடை. சேர்ந்து பணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே பரிசோதித்துவிடுங்கள்.

விடுதியில் தங்கினால் வார்டனிடம் கட்டாயம் சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவருக்குப் பக்கத்து அறையில் சின்னம்மை வந்தால் அன்றைக்கே தெரிந்தாக வேண்டும்.

வளாக நேர்காணலில் சில நிறுவனங்கள் ஓர் ஆண்டு அல்லது இரண்டு ஆண்டுக்கு மேல் கல்வி இடைவெளி கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. மருத்துவக் காரணத்தைச் சில இடங்களில் ஏற்பார்கள், ஆவணம் கேட்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரிகளை ஸ்கேன் செய்து வைத்திருங்கள். நோயோ சிகிச்சையோ நிரந்தர விளைவு எதையாவது விட்டுப் போயிருந்தால், உதாரணமாக எலும்புப் புற்றில் காலை இழந்திருந்தாலோ மருந்தால் காது கேட்காமல் போயிருந்தாலோ, யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால், 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீடும் உச்ச வயதில் ஐந்து ஆண்டுத் தளர்வும் உண்டு. கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போதே அட்டை கையில் இருக்க வேண்டும். மருத்துவக் குழுவின் தேதி கிடைக்கவே சில வாரங்கள் பிடிக்கலாம் என்பதால் ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள்.